உறங்காத வண்டி

பக்கவாதத்தால் என் மனைவியின் இடப்புறம் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியோடு ஏற்றத்தக்க வேன் ஒன்றை எங்கள் மகன் அமெரிக்காவில் இருந்தபடியே தெரிவுசெய்து வாங்கித் தந்தான். பக்கவாட்டுக் கதவு சறுக்கித் திறக்கும். பொத்தானை அழுத்தினால் எஞ்சின் உயிர்பெறும். சேலையூரில் எங்கள் வீட்டு வாயிலில் அது வந்து நின்ற மறுநாளே, மகன் அனுப்பிய ஆள் ஒருவர் முன்கண்ணாடியின் உட்புறத்தில் சிறு கேமரா ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். வண்டி எங்கே நிற்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை மகன் தன் கைபேசியிலேயே கண்டுகொள்ளலாம். கேமராவின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கொன்று இடையறாது எரிந்துகொண்டிருக்கும்.

தொடக்கத்தில் அவன் பார்க்கத்தான் செய்தான். "ஏம்மா, நேத்து மேடவாக்கத்துல அவ்ளோ நேரம் நின்னுட்டே இருந்தீங்க? தண்ணி லாரியா?" என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டான். நோய்க்குப் பின் நான் காணாதிருந்த மலர்ச்சி அன்று அவள் முகத்தில் தோன்றியது. அதுமுதல், இயன்முறை மருத்துவத்துக்காக மேடவாக்கம் செல்லும் நாள்களில், வண்டியில் ஏற்றியதும் வலக்கையை உயர்த்திக் கேமராவை நோக்கி அசைப்பது அவளுக்கு வழக்கமாயிற்று.

"பாக்கறானா?" என்பாள்.

"பாப்பான்" என்பேன்.

நாளடைவில் மகனுடைய அழைப்புகள் அருகின. வண்டியைப் பற்றிய பேச்சு அவற்றில் அறவே இல்லாமற்போயிற்று. அவள் கை மட்டும் ஓயவில்லை.

ஒரு காலைப்பொழுதில் அவளை ஏற்றி அமர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். முகப்பு விளக்குகள் நடுங்கின, எங்கோ 'டக் டக்' என்றொரு தட்டல் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. அவளை மீண்டும் இறக்க வேண்டியிருந்தது. ஏற்றுவதைவிட இறக்குவது கடினம். மின்கலம் முதுமையெய்திவிட்டதென்று பேட்டரிக் கடைக்காரர் ஒருவர் வந்து புதியதொன்றை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அதுவும் அடங்கிப்போயிற்று.

கேம்ப் ரோடு அருகே வண்டிகளின் மின்வேலைக்கென்றே கடை வைத்திருப்பவரிடம் கொண்டு சென்றேன். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் ஆக்கி மின்கலத்தை நிரப்புவது ஆல்டர்னேட்டர். அதைத்தான் அவர் முதலில் ஐயுற்றார். எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தபோது பதினான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சற்று நேரத்தில் அது தானாகவே இறங்கத் தொடங்கியது.

"ஆல்டர்னேட்டர் அவுட்டு சார்" என்று தீர்ப்பளித்தவர், முகப்பு விளக்குகளையும் குளிர்சாதனத்தையும் போடச் சொன்னார். அளவு மீண்டும் ஏறியது. தலையைச் சொறிந்துகொண்டார். "இல்ல சார், நல்லாத்தான் கீது. இதெல்லாம் புது வண்டி. பேட்டரி ரொம்பிடுச்சுன்னு கம்ப்யூட்டர் நெனச்சா, அதுவே கொறச்சிக்கும். பழைய வண்டின்னா நான் சொன்னதுதான் சட்டம். இப்போ இது எனக்கே கிளாஸ் எடுக்குது."

புதிய மின்கலம் வைத்த செய்தியை வண்டியின் கணினிக்கு எவரும் அறிவிக்காததே பிழை என்று அடுத்ததாகக் கருதினார். ஒரு கருவியைச் செருகி அறிவித்தார். நான்கைந்து நாள்கள் நலமாகக் கழிந்தன. பிறகு மீண்டும் அதே 'டக் டக்'. அவளை மீண்டும் இறக்கினேன். கை கால்களுக்குரிய பயிற்சி தொடர்ந்து தவறியதால், விரிந்துகொண்டிருந்த விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கியிருந்தன.

மூன்றாம் முறை அவரே வேறொரு மின்கலத்தைக் கொண்டுவந்து இணைத்து வண்டியை உயிர்ப்பித்தார். வீட்டில் அவளைத் தனியே விட இயலாதாகையால், அவளையும் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்குச் சென்றேன். அவள் சக்கர நாற்காலியைக் கடையின் நிழலில் நிறுத்தினோம். வண்டியின் முன்மூடியை மட்டும் திறந்துவைத்து, கதவுகளைப் பூட்டினார். மின்கலத்தின் கம்பியைச் சுற்றி இடுக்கி போன்றதோர் அளவியை மாட்டினார்.

"சாவிய எடுத்துகினு தூரமா போயிடுங்க சார். கிட்ட இருந்தா வண்டி முழிச்சிக்கும். அது தூங்கணும். தூங்குனப்புறம் எவன் கரண்ட்ட குடிக்கிறான்னு பாக்கலாம்."

"கொழந்தைய தூங்க வைக்கற மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி.

"கொழந்தையாச்சும் பால குடிச்சா தூங்கிடும்மா. இது குடிச்சிகினே கீது" என்றார் அவர்.

காத்திருந்தோம். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழுந்த பயிற்சி வானூர்தி ஒன்று தலைக்குமேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. உறங்கும் வண்டியில் அளவியின் எண் ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டும், போகவில்லை. அவர் எஞ்சினருகே இருந்த பெட்டியைத் திறந்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எண்ணைப் பார்த்து, மீண்டும் செருகினார். ஒன்றைப் பிடுங்கியபோது எண் சட்டென்று வீழ்ந்தது. சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, அந்த ஃபியூஸ் வழியாக மின்சாரம் பெறுபவை எவையென்று கம்பியைத் தடவிக்கொண்டே சென்றார். அவர் விரல் முன்கண்ணாடியின் விளிம்பில் போய் நின்றது.

"ஆளு மாட்டிக்கினான் சார். இந்த கேமராதான். வண்டி நிக்கும்போதும் படம் புடிச்சு அனுப்பிகினே கீது. வாரத்துல ரெண்டு நாளு, அதுவும் டிராஃபிக்ல ஊர்ந்துகினு போனா எங்கேந்து ரொம்பும்? வுடுங்க, வண்டி ஓடும்போது மட்டும் எரியற மாரி மாத்திக் குடுத்துடறேன்."

"வேணாம்" என்றாள் அவள், நான் வாய் திறக்குமுன். "நமக்கு ராத்திரின்னா அவனுக்குப் பகல். நாம தூங்கறப்பதான் அவனுக்குப் பாக்க நேரம் கெடைக்கும். வண்டி வாசல்ல நிக்குதான்னு பாத்தா, நாம வீட்ல இருக்கோம்னு தெரிஞ்சுக்குவான்."

ஒரு வாரம் மட்டும் கழற்றிவைத்துச் சோதிப்பதென்று அவளை இசையவைத்தேன். பச்சை விளக்கு அணைந்தது. உள்ளூர நான் வேறொன்றையும் சோதித்தேன். காட்சி மறைந்ததை அறிந்ததும் மகன் அழைப்பான், 'என்னப்பா ஆச்சு, வண்டி தெரியலையே' என்று பதறுவான் எனக் கைபேசியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அவளும் அதையே எதிர்பார்த்தாள் என்பது, மணியொலிக்குந்தோறும் என் முகத்தை அவள் பார்த்த பார்வையில் தெரிந்தது. மேடவாக்கத்துக்குப் போகும்போது அவள் வலக்கை மடியிலேயே கிடந்தது. மின்கலமோ கல்லுப்போலிருந்தது. பொத்தானை அழுத்திய கணமே எஞ்சின் முழங்கியது. அந்த முழக்கத்தைக் கேட்கக் கேட்க, மகன் இன்னும் அழைக்காததே எனக்கு உறைத்தது.

வார இறுதியில் அவன் அழைத்தான். தாயிடம் உடல்நலம் கேட்டான், மருந்து கேட்டான், தன் வேலைச்சுமையைச் சொன்னான். வண்டியைக் கேட்கவில்லை. நான் கைபேசியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் சென்று, கேமராவைக் கழற்றிவைத்திருப்பதைச் சொன்னேன்.

"எந்த கேமராப்பா? ஓ, அதுவா! நான் போன் மாத்தினப்பவே அந்த ஆப் போயிடுச்சு. திரும்பப் போடவே இல்ல. அது இன்னுமா ஓடிட்டிருக்கு? சிம் ஆட்டோ-பேல இருக்கும்போல. தூக்கிப் போட்டுடுங்கப்பா, அதனால எதுக்கு உங்களுக்கு டென்ஷன்?"

அவன் குரலில் கள்ளமில்லை, எங்கள்மீது வெறுப்புமில்லை. வெறுப்பாயிருந்தால்கூடப் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று எஞ்சியிருக்கும். எவரும் பாராத காட்சியை அல்லும் பகலும் அனுப்பி அனுப்பியே அந்த மின்கலங்கள் வற்றியிருக்கின்றன.

உள்ளே வந்தேன். "தனியா என்ன பேசினீங்க?" என்றாள்.

"வண்டி ஏன் தெரியலன்னு கேட்டான்."

"பாத்தீங்களா! நான் சொல்லல?" அவள் கண்கள் நிறைந்தன. "பாவம், பயந்திருப்பான். நாளைக்கே மாட்டச் சொல்லுங்க. பழையபடியே இருக்கட்டும்."

மறுநாள் கேமராவை மீண்டும் இணைக்கச் சொன்னபோது மின்வேலைக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா ஓடற வண்டிக்கு நீங்களே பேஜார வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடறீங்களே சார்!" பிறகு, நாற்காலியில் அமர்ந்து பச்சை விளக்கு எரியக் காத்திருந்தவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்டின்னா டெய்லி ஓட்டுங்க. நிறுத்தி வெக்காதீங்க. ஓடினாத்தான் இதுக்குத் தீனி."

ஆகவே மாலைதோறும் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன். போக வேண்டிய இடம் எங்களுக்கு ஒன்றுமில்லை. தாம்பரத்தைக் கடந்து, பெரிய சாலையில் பெருங்களத்தூர்வரை சென்று திரும்புகிறோம். காற்று வாங்கப் போவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். என் முழங்கால் நோகிறது; மாலையில் எதிர்வரும் விளக்குகளும் கண்ணைக் கூசவைக்கின்றன. இன்னும் எத்தனை காலம் என்னால் ஓட்ட இயலுமென்று தெரியவில்லை. நான் ஓட்டாத நாளில் விளக்கு அணையும். அணைந்தபின்னும் அழைப்பு வராது. அப்போது அவளுக்குத் தெரிந்துவிடும்.

நேற்று, விடுமுறைக்கு ஊர் திரும்பும் கூட்டத்தால் பெருங்களத்தூரில் வண்டிகள் அசையவே இல்லை. தென்மாவட்டப் பேருந்துகளுக்கு நடுவே, முகப்பு விளக்கும் குளிர்சாதனமும் ஓடியபடி நெடுநேரம் நின்றோம். அவ்வாறு நிற்கையில் ஆல்டர்னேட்டர் தருவது செலவுக்கே சரியாகிவிடுகிறது, சேமிப்பு ஒன்றுமில்லை. பின்னாலிருந்து அவள் வலக்கையை உயர்த்திக் கண்ணாடியை நோக்கி அசைத்தாள்.

"பாக்கறானா?"

முன்னாலிருந்த பேருந்தின் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கறான். கையைக் கீழ போடு, வலிக்கும்" என்றேன்.