பாதியில் நின்ற ஜெபமாலை

போன வாரம் எங்கள் ஃபிளாட்டில் போன கரண்ட் திரும்பி வந்ததும், பேத்தி மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். அந்தக் கருகிய திரி வாசனை இருக்கிறதே, அது என்னை நேராகப் பூதலூர் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் முழங்காலிட வைத்துவிட்டது. (இப்போது நிஜமாகவே முழங்காலிட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.)

மாலையில் ரேடியோச் செய்தி முடிந்ததும் எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபமாலை. அப்பா முன்னே சொல்ல, நானும் அம்மாவும் பின்னே சொல்வோம். தஞ்சாவூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுவதற்கு நான் தினமும் ரயிலேறிய காலம். ரயிலில் கண்டதையும் படித்துவிட்டு, கடவுள் இல்லை என்று ரகசியமாக முடிவுகட்டியிருந்தேன். ஆனாலும் அம்மாவுக்குப் பயந்து ஒரு மணியைக்கூட விடமாட்டேன்.

அப்போதுதான் குவைத்தில் சண்டை மூண்டது. அண்ணன் அங்கே டிரைவர். எதிர்வீட்டு ஆரோக்கியமேரி அத்தையின் ஒரே மகன் சேவியரும் அவனோடு போனவன்தான். கடிதம் நின்றுபோனது. ரேடியோ பேசும்போது அம்மா மூச்சைக்கூட மெதுவாக விடுவாள். அத்தை சொல்லும் ஜெபம் தெருவுக்கே கேட்கும். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இரண்டு வீட்டுக் கதவும் ஒன்றாகத் திறக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்து நின்றான். கையில் ஒரு பை, முகமெல்லாம் தாடி. பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் வந்து விமானம் ஏறியிருக்கிறான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னாலேயே அத்தை ஓடிவந்தார்.

"சேவியர் எங்கப்பா?"

"வேற லாரியில ஏறினான் அத்தை. எல்லையில நின்னு பாத்தேன். அந்த லாரி வரவே இல்ல."

அன்று மாலை அப்பா ஜெபமாலையைத் தொடங்கினார். எதிர்வீட்டில் சத்தமே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்னங்க, புள்ள வந்துட்டானே. நன்றி சொல்ல வேணாமா?" என்றாள் அம்மா.

"அவங்களும் இதே ஜெபத்தத்தானே சொன்னாங்க."

"வயசான காலத்துல சாமிய விட்டுட்டு என்ன செய்வீங்க?"

அப்பா மாலையை அம்மா கையில் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். அம்மா அதை என் பக்கம் நீட்டினாள். மீதியை நான்தான் சொல்லி முடித்தேன், நம்பாதவள்.

அதன்பிறகு தினமும் அந்த நேரத்துக்கு அப்பா எதிர்வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். அத்தை உள்ளே இருப்பார். பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. சேவியர் வரவேயில்லை. அத்தை இறந்த பிறகும் அப்பா ஜெபமாலையைத் தொடவில்லை.

அப்பாவின் அன்றைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். நம்புகிறாயா என்று கேட்டால், சில நாள் ஆமாம், சில நாள் இல்லை. சமீபத்தில் ஊருக்குப் போனபோது சாயங்காலம் அந்தத் தெருவில் நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் துபாய், சிங்கப்பூர், கனடா. எந்த வீட்டிலும் ஜெபச் சத்தம் இல்லை. எதிர்ப்பக்கம் கருவேலம் மண்டிக்கிடந்தது. அங்கே இருந்த அத்தை வீட்டைப் பற்றி ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"வீடா? அது எப்பவுமே காலி மனைதாங்க" என்றாள்.