முன் என்று போட்ட படம்

அந்த இரண்டு படங்களையும் எடுத்தவன் நான்தான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் யாரைத் திட்டினாலும், அந்தத் திட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். இரத்தினபுரிக் கடைத்தெருவில் என் தாய்மாமன் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மாமா வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசுவார். படம் எடுப்பது, படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டைக் கழுவுவது, காய்ந்த பிறகு அதில் பென்சிலால் முகத்தைத் திருத்துவது எல்லாம் என் வேலை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கூரையின் வடக்குப் பக்கம் கண்ணாடி போட்டிருந்தோம். மழை விட்ட நேரத்தில் அதன் வழியாக வருகிற வெளிச்சம்தான் எங்கள் தொழிலுக்கு முதல். இரத்தினபுரியில் மழை எவ்வளவு விடும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். புதிதாக முகக்கிரீம் செய்கிற கம்பெனியின் ஏஜண்ட். வெள்ளைக் கோட்டு, காலில் நல்ல சப்பாத்து, சிரித்த முகம். கையில் ஒரு பெட்டி நிறையக் கிரீம் குப்பிகள். தோட்டப் பக்கம் விற்பதற்கென்றே செய்த சாமான் என்றும், கடைகளில் வைக்க விளம்பர அட்டை அடிக்கப் போவதாகவும், அதற்குப் படம் வேண்டும் என்றும் சொன்னார்.

முதலில் குப்பியைத்தான் எடுத்தேன். மனிதரைப் படம் எடுப்பதைவிடக் கண்ணாடிக் குப்பியை எடுப்பது கஷ்டம். கூரைச் சட்டம், கேமராவின் மூன்று கால், கறுப்புத் துணிக்குள் குனிந்து நிற்கிற என் முதுகு எல்லாம் அந்தச் சின்னக் குப்பியின் வயிற்றில் தெரிந்தன. மாமி வீட்டில் கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்பு வலையைக் கொண்டுவந்து குப்பியைச் சுற்றிக் கட்டினேன். லென்சுக்கு மட்டும் துளை விட்ட கறுப்பு அட்டை ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினேன். மூடியைத் திறந்து வைத்தால் கிரீம் வெக்கையில் இளகி எண்ணெய் கக்கியது. மூன்று தரம் முயன்றுவிட்டு அதை வழித்தெறிந்தேன். கோதுமை மாவையும் சுண்ணாம்பையும் குழைத்து உள்ளே நிரப்பி, மேலே கரண்டிக் காம்பால் ஒரு சுழி போட்டேன். படம் வெண்ணெய் போல வந்தது.

"கிரீமைவிட இது நல்லா இருக்கு, தம்பி" என்று ஏஜண்ட் சிரித்தார்.

நானும் சிரித்தேன். என் கைத்திறமையில் எனக்கு அவ்வளவு பெருமை.

அவர் கிளம்புகிற நேரத்தில் எங்கள் ஷோகேசில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். நிவித்திகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம் அது. இருபது வயது இருக்கும். இந்தியாவில் இருக்கிற தாய்க்கு அனுப்புவதற்காக அதற்கு முந்தின மாதம் புருஷனோடு வந்து எடுத்துக்கொண்டாள். களையான முகம். நான் பென்சில் வைத்ததே கொஞ்சம்தான்.

"இந்த முகம்தான் எனக்கு வேணும். ரெண்டு மாசம் எங்கட கிரீமைப் பூசட்டும். பிறகு இன்னொரு படம் எடும். முன், பின் எண்டு பக்கத்தில பக்கத்தில போடுவம்" என்றார்.

குப்பிகளை எடுத்துக்கொண்டு, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கிற அவளுடைய லயத்துக்குப் போனவனும் நான்தான். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங் கறுப்புக்கு என்னங்க கொறைச்சல், நானா?" என்றாள். முஸ்லிம் ஆண்களை அங்கே அண்ணன் முறையில் நானா என்பார்கள்.

தேயிலை பெக்டரியில் வேலை செய்கிற அவள் புருஷன், "சும்மா குடுக்குறாங்க, பூசித்தான் பாரேன்" என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க நானா. இது நல்லதுதானுங்களா?"

"நல்லதுதான், தங்கச்சி" என்றேன்.

அந்தக் கிரீமைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் படம் எடுத்தது மாவும் சுண்ணாம்பும். அவ்வளவு தெரிந்தவன், வாய் கூசாமல் நல்லது என்றேன். அவள் கேட்ட விதம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. தெரிந்தவன் என்று நம்பிக் கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, சொன்ன நாளில் ஏஜண்ட் ஸ்டூடியோவில் காத்திருந்தார். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். பவுடர் போட வேண்டும், தலைப்பை எடு என்றேன். எடுத்தாள். நான் பவுடர் டப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

கன்னம் இரண்டும் சிவந்து தடித்துத் தோல் உரிந்திருந்தது. கண்ணுக்குக் கீழேயும் வாயைச் சுற்றியும் ஈயம் பூசியது போலச் சாம்பல் படர்ந்திருந்தது. பேசும்போது ஈறு வீங்கியிருப்பது தெரிந்தது.

"மொத ரெண்டு வாரம் வெளுத்துச்சுங்க. எல்லாரும் பார்த்தாங்க. அப்புறம் எரிய ஆரம்பிச்சுது. வாயில எந்நேரமும் இரும்பு ருசி. தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயா குப்பியப் பார்த்துட்டு, இதுல பாதரசம் இருக்கும் போல, தொடாதேன்னாரு. விட்டு மூணு வாரம் ஆச்சு. போகமாட்டேங்குது, நானா."

நான் ஏஜண்டைப் பார்த்தேன். அந்த மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்.

"பயப்படாதீங்க அம்மா. கொழும்பில எங்கட டாக்டர் இருக்கிறார். படத்தை அவருக்குக் காட்டினா மருந்து அனுப்புவார். தம்பி, எடும். திருத்த வேண்டாம். இருக்கிற மாதிரியே வேணும்."

டாக்டர் என்றதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் எடுத்தேன். அந்தக் காலத்துப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும். நம்மவர் தோலே அதில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுத்துத் தெரியும். முதல் படத்தில் பவுடரும் பென்சிலும் வைத்து அதைச் சரிக்கட்டியிருந்தேன். இதில் ஒன்றும் வைக்கவில்லை. கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது அவள் முகத்துத் தடிப்பெல்லாம் தாரை வாரி அடித்தது போல இருந்தது. டாக்டருக்குத்தானே, நன்றாகத் தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பிளேட்டின் மூலையில் எடுத்த வரிசைப்படி ஊசியால் எண் கீறி வைத்துவிட்டு, பிரிண்டை ஏஜண்ட் கையில் கொடுத்தேன். முதல் படத்தின் பிரிண்டையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மருந்து வரவில்லை. அட்டை வந்தது.

எங்கள் ஸ்டூடியோவிலிருந்து நாலாவது கட்டிடம் ஒரு சில்லறைச் சாமான் கடை. குளிக்கச் சவர்க்காரம் வாங்கப் போனவன், கண்ணாடி அலமாரி மேலே அதைப் பார்த்தேன். நடுவில் என் மாவுக் குப்பி. இடப்பக்கம் புண்ணான முகம், அதன் கீழே 'முன்'. வலப்பக்கம் தாய்க்கு அனுப்புவதற்காக எடுத்த முகம், அதன் கீழே 'பின்'. தமிழிலும் சிங்களத்திலும் போட்டிருந்தார்கள்.

சவர்க்காரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு பிளேட்டையும் எடுத்து மாமாவுக்கு முன்னால் வைத்து, எண்களைக் காட்டினேன். எது முந்தியது, எது பிந்தியது என்று ஒரு குழந்தைக்கும் தெரியும்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மகன், நாம படம் எடுக்கிற ஆக்கள். அதுக்குக் கீழ என்ன எழுதுறாங்க எண்டது நம்மட வேல இல்ல."

"அந்தப் புள்ளட முகம் மாமா அது."

"எனக்கு விளங்குது. ஆனா கம்பெனியோட நமக்கு என்னத்துக்கு வம்பு?"

மறுநாள் காலை ரயிலில் கொழும்புக்குப் போனேன். ஏஜண்டின் ஆபீசில் என்னை உட்காரச் சொன்னார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் அதே சிரித்த முகத்தோடு வந்தார்.

"சேர், படத்த மாத்திப் போட்டிருக்கீங்க."

"இல்லையே. சரியாத்தான் இருக்கு."

"கெட்ட முகம் உங்கட கிரீம் பூசின பிறகு வந்தது."

அவர் கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, அந்தப் படம் பொய்யா? அந்தப் படம் பொய்யில்லை. இந்தப் படம் பொய்யா? இதுவும் பொய்யில்லை. ரெண்டும் நீர் எடுத்தது. கீழ ரெண்டு சொல்லுத்தான் எங்கட. குப்பிக்குள்ள மாவை வச்சு எடுத்தீரே, அப்ப எங்க போச்சு இந்த ரோசம்?"

இத்தனை வருஷம் கழித்தும் என்னைச் சுடுவது அந்தக் கேள்விதான். அயோக்கியன் ஒருவன் என் வாயை அடைக்க நானே அவனுக்குச் சாமான் கொடுத்திருந்தேன். தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன். ரயிலில் அவிசாவளை வரைக்கும் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போனேன். அவள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன்னே அவள் பேசினாள்.

"அட்டையப் பத்தித் தெரியுங்க. கடைக்குப் போன பொண்டுக வந்து சொன்னாங்க. கம்பெனி ஒன்னைய அழகாக்கிருச்சாம்ல, அப்புறம் ஏன் இப்புடி இருக்கேன்னு கேக்குறாங்க. மருந்த ஒளிச்சு வச்சிருக்கேன்னு ரெண்டு பேரு நெனைக்கிறாங்க. பக்கத்துக் காம்பராப் புள்ள அந்தக் குப்பிய வாங்கியாந்திருச்சு, நானா. எம் மூஞ்சியக் காட்டி அவகிட்ட வித்துப்புட்டானுங்க."

"மன்னிச்சுக்க, தங்கச்சி."

"அத அப்புறம் பேசுவோம்." கூடையை இறக்கி வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. நான் எதிர்பார்த்துப் போனது அழுகை. அங்கே இருந்தது என்னுடையதைவிடப் பெரிய கோபம். "அந்த ரெண்டு படத்தையும் பெருசாப் போட முடியுங்களா? மொத எது, ரெண்டாவது எதுன்னு எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கெழம நானே வர்றேன்."

"கடைத்தெருவுல ஆயிரம் பேர் பார்ப்பாங்க."

"இப்ப மட்டும் பார்க்கலீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. தோட்டத்து ஆட்களும் கிராமத்து ஆட்களுமாகக் கடைத்தெரு நெரிந்தது. அவள் புருஷனோடு வந்தாள். தலைப்பு தோளில் இருந்தது, முகத்தை மூடவில்லை. நான் போட்டு வைத்திருந்த பெரிய படங்களில் ஒன்றை அவள் பிடித்தாள், மற்றதை அவன் பிடித்தான். சாமான் கடை வாசலில், அந்த அட்டைக்கு நேரே நின்றார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

கடைக்கார முதலாளி ஓடி வந்தார். "இஞ்ச நிக்காதீங்க! யாவாரம் கெடுது!"

"நான் உங்க கடைக்குள்ள வரலீங்க. ரோட்டுல நிக்கிறேன். உள்ள இருக்குறதுதான் நான். அத வெளிய எடுங்க, நானும் போயிர்றேன்."

சனம் கூடியது. ஒரு சிங்கள அம்மா கிரீம் வாங்கி, குப்பியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். இவள் அவர் முன்னால் போய் நின்றாள். "அக்கே, பலன்ன. மே மகே மூண." பாருங்கள், இது என் முகம் என்றாள். பிறகு அட்டையைக் காட்டி, எது முதலில் இருந்தது, எது பிறகு வந்தது என்று சிங்களத்திலேயே சொன்னாள். வாயைத் திறந்து ஈறைக் காட்டினாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பிக் கடைக்குள் போய், குப்பியை மேசையில் ஓசையோடு வைத்தார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். சிலர் சிரித்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறாள் என்று ஒருவன் சொன்னான். அவள் புருஷன் அவனைப் பார்த்து ஓரடி வைத்தான்; அவள் தடுத்துவிட்டாள்.

மத்தியானம் முதலாளியே அட்டையை எடுத்துக் கிழித்தார். அவளுக்காக அல்ல, தொல்லை தாங்காமல். இரத்தினபுரிக் கடைத்தெருவில் அந்தக் கிரீம் பிறகு விற்கவில்லை. அந்தப் பக்கத்துக் காம்பராப் பெண்ணும் குப்பியை ஓடையில் எறிந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அவ்வளவுதான் நாங்கள் ஜெயித்தது. அடுத்த வாரமே ஏஜண்ட் ஒரு வக்கீலின் கடிதத்தோடு வந்தான். நான் படம் கழுவுகிற இருட்டறைக்குள் இருந்தேன். வெளியே வந்தபோது இரண்டு பிளேட்டும் இல்லை. மாமா கொடுத்து அனுப்பிவிட்டார்.

"குடும்பம் இருக்கு, மகன். கோட்டுக்கு, வழக்குக்கு யார் போற?"

எனக்கு வந்த கோபத்தில் திருத்துகிற மேசையைப் புரட்டிப் போட்டேன். பென்சில்கள் உருண்டன. அன்றைக்கே வெளியேறி, ருவான்வெல்லையில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கினேன். மாமாவோடு பேச ஆறு வருஷம் ஆனது. பேசியபோதும் இந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை.

வரக்காப்பொலையில் ஒரு கடையில் அந்த அட்டையை மறுபடி பார்த்தேன். புதிதாக அடித்திருந்தார்கள். முன், பின், நடுவில் மாவு. கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாப் போகுதே" என்றார்.

அவள் தடிப்பு ஆறிவிட்டது. ஈறும் சரியானது. கண்ணுக்குக் கீழே படர்ந்த சாம்பல் மட்டும் போகவில்லை. சில வருஷம் கழித்து, கைக்குழந்தையைப் படம் எடுக்க ருவான்வெல்லைக்கே தேடி வந்தாள். குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தவள், நான் பென்சிலைக் கூர் சீவுவதைப் பார்த்துவிட்டாள்.

"எம் மூஞ்சியில கை வைக்காதீங்க, நானா. இருக்குறபடி இருக்கட்டும்."

அன்றைக்கு மன்னிப்புக் கேட்டது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். நான் வற்புறுத்தவில்லை.