பைண்டர் பாயின் போர்டு

பி.ஏ. தேறிவிட்டு மயிலாப்பூரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த காலம். ஏதாவது ஆபீஸ் பரீட்சைக்கு உதவும் என்று தினம் ஐந்து கடினமான இங்கிலீஷ் வார்த்தைகளை நெட்டுருப் போடுவேன். தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்தும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முதல் அர்த்தம் மட்டும்தான். இரண்டாவதைப் பார்க்கிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அகராதி நார்நாராகப் போனதும் கடைத்தெருவில் இருந்த பைண்டர் பாயிடம் கொடுத்தேன். புதுத் துணி ஒட்டி, முதுகு தைத்துக் கொடுத்தவர் கூலி வாங்கவில்லை.

"ஒரு அச்சாபீஸ்ல பைண்டர் வேலை காலி கீதாம் சாமி. அங்க கரண்டு வெளக்கு. இங்க லாந்தர்ல தெச்சுத் தெச்சுக் கண்ணு பூட்சு. தொரைக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க, அது போதும்."

மறுநாளே எழுதிக்கொண்டு போனேன், வெளுத்து வாங்கியிருந்தேன். இருபது வருஷமாக 'எக்ரீஜியஸ்' வேலை செய்கிறவர் என்று எழுதினேன். அன்று காலை படித்த வார்த்தை அது. பாய் படித்துக் காட்டச் சொன்னார்.

"அது இன்னா சாமி, எக்ரீஜு?"

"தலைசிறந்தது என்று அர்த்தம், பாய்."

எனக்கு ஸலாம் வைத்தார்.

மறுநாள் அதே பக்கம் கண்ணில் பட்டது. தலைசிறந்தது என்பது வழக்கொழிந்த அர்த்தமாம், பொடி எழுத்தில் போட்டிருந்தான். இப்போதைய அர்த்தம், வெட்கக்கேடான அளவுக்கு மோசமானது. கடைக்கு ஓடினேன். மனு இன்னும் தபாலில் போகவில்லை. பசை பட்டுவிடாமல் துணியில் சுற்றி வைத்திருந்தார். "நம்ம சாமி இங்கிலீஷு தொரையையே தூக்கிச் சாப்ட்டுடும்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பைண்டிங் நன்றாயிருக்கிறது என்று சொல்ல வந்தேன் என்றேன். புகழ்ச்சியாகத்தான் எழுதியிருக்கிறது என்று துரைக்குப் புரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். அயோக்கியத்தனம், வேறென்ன. இன்றைக்கும் நெஞ்சு உறுத்துகிறது.

வேலை இல்லையென்று மனு திரும்பி வந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அடியில் மட்டும் சிவப்பு மசியில் கோடு. பாய் என்னை ஆளனுப்பி வரவழைத்தார்.

"வேலை கெடைக்காட்டி இன்னா சாமி. தொரை இதுக்கு மட்டும் கோடு போட்டுக்கீறாரு, பாருங்க. நம்ம போர்டுலயும் இதையே எழுதிடலாம்னு கீறேன். எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."

பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெயிண்டர் பிரஷ்ஷோடு காத்திருந்தான். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.