மைக் மாலிக் சொன்ன சாவு

கருங்குழியில் அப்துல் மாலிக் என்று விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. மைக் மாலிக் என்று கேளுங்கள், ஊரே வழி காட்டும். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கையில் ஒரு மைக், இதுதான் அவர் பிழைப்பு. இன்றைக்குக் கரண்ட் இருக்காது, நாளைக்கு ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள், தேர்க் கூட்டத்தில் பச்சைப் பாவாடை கட்டிய குழந்தையைக் காணோம், எல்லாம் அந்த வாயில்தான் வரும். யார் வீட்டுச் சாவும் அதே வாயில்தான் வரும்.

நான் லோகநாயகி. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் டிபன் கடை வைத்திருக்கிறேன். மாலிக் ஆட்டோ நிற்பது என் கடைக்கு நேர் எதிரே. நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கடை வைத்துப் பாருங்கள், உங்களுக்கும் அந்தப் புத்தி வந்துவிடும். அப்படிப்பட்ட நானே மாலிக் கரண்ட் போகும் என்றால் மாவை முன்னாடியே அரைத்து வைத்துவிடுவேன்.

அவர் கோவளத்துக் கருவாட்டு வியாபாரியின் மகன். ஷாஜாதியைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர். தொண்டை அப்பாவுடையது, சந்தையில் கூவிக் கூவிப் பழகினது. ஆனால் மைக்கை வைத்துவிட்டால் ஊமை. "வூட்ல வாயே தொறக்க மாட்டாருக்கா. எல்லாத்தையும் தெருவுலயே பேசித் தீத்துட்டு வந்துடறாரு" என்று ஷாஜாதி என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன பேரூராட்சித் தேர்தலில்தான் எல்லாம் கெட்டது. எங்கள் வார்டில் ரிட்டையர் ஆன டீச்சர் கல்யாணி ஒரு பக்கம், அரிசி மண்டி செல்வராஜ் மறு பக்கம். என் கடையில் ஒரு இட்லியை நிம்மதியாகத் தின்ன விடவில்லை பாவிகள். "டீச்சரு ஏரிக்கரைய மடக்கி மாட்டுக்கொட்டா போட்டுகினு கீது, அது நாயம் பேச வந்துட்ச்சா?" என்று ஒருத்தன். "உங்க ஆளு பத்தாவது பெயிலு. ஒரு மனு எழுதத் தெரியுமா அவனுக்கு?" என்று இன்னொருத்தன். சட்னியை வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன்.

மாலிக்குக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். காலையில் டீச்சர் கொடி, மத்தியானம் கழற்றிவிட்டுச் செல்வராஜ் கொடி. தேர்தலுக்கு மைக் பிடிக்கிறவர்கள் எழுதி வைத்துப் படிக்க மாட்டார்கள். பேரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும், பாராட்டு தானாக வாயில் ஓடும். காலையெல்லாம் "பண்பாளர், படித்தவர், முதுகலைப் பட்டதாரி, உங்கள் கல்யாணி" என்று கூவின வாய், மத்தியானம் அதே வேகத்தில் "பண்பாளர், படித்தவர், முதுகலைப் பட்டதாரி, உங்கள் செல்வராஜ்" என்று கூவிவிட்டது. ஜீப்பில் நின்றிருந்த செல்வராஜ் திருத்தினாரா? கையைக் கூப்பிக்கொண்டு சிரித்தார். அதை யாரோ போனில் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஊர் இரண்டாகிவிட்டது. பொய்ப் பட்டம் போட்டு ஓட்டுக் கேட்கிறான் என்று டீச்சர் ஆட்கள். டீச்சர்தான் மாலிக்கைக் கைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் தலைவரை மாட்டிவிட்டாள் என்று செல்வராஜ் ஆட்கள். யார் சொல்லிச் சொன்னாய் என்று இரண்டு பக்கமும் அவரைப் பிய்த்தார்கள். அவர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்தி, மைக்கிலேயே, "யாரும் சொல்லல. என் வாய் தவறி வந்துடுச்சி" என்றார்.

"இத்தச் சொல்ல எவ்ளோ வாங்கினான்?" என்றது ஊர்.

அன்று சாயங்காலம் டீ குடிக்க வந்தவரிடம் நானும் விடவில்லை. "மாலிக்கு, மெய்யாலுமே வாய்தான் தவறிச்சா?"

"பாராட்டுக்கா அது. கல்யாணப் பந்தல்ல ராசா மாதிரி மாப்ளேன்னு சொல்றது இல்லியா? அத்தப் போயி யாரு உண்மைன்னு எடுத்துக்குவா?"

"எடுத்துகினாங்களே."

"சாவுச் சேதின்னா நான் வூட்டுக்குப் போயி, மூஞ்சப் பாத்துட்டுத்தான் மைக்கத் தொடுவேன். அதுவும் இதுவும் ஒண்ணாக்கா?" என்றார். அவருக்கு வேறு வேறு. கேட்கிற காதுக்கு வாய் ஒன்றுதானே. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என் கடையில் மாவு அரைக்கிற ஆராயி, செல்வராஜுடைய அம்மா சின்னப்பொண்ணுவின் கூடப் பிறந்தவள். முதியோர் பென்ஷனுக்கு டீச்சர் அலைந்து உதவினாள் என்பதால் ஆராயி டீச்சர் பக்கம். அதற்காகச் செல்வராஜ் சின்னம்மா என்ற முறையைக்கூட அறுத்துவிட்டு, வாசப்படி மிதிக்காதே என்று சொல்லியிருந்தார். அக்காளும் தங்கச்சியும் சந்தையில் பார்த்துக்கொண்டால் உண்டு.

பிரச்சாரம் முடிய இருந்த நேரம். கடையில் காலைக் கூட்டம். மாலிக் குரல் தெருவில் வந்தது. அரிசி மண்டி செல்வராஜ் அவர்களின் தாயார் சின்னப்பொண்ணு அம்மாள் விடியற்காலை இயற்கை எய்தினார், மத்தியானம் எடுக்கிறார்கள் என்றது.

கடையே சிரித்தது. "ஓட்டுக்குப் பெத்தவளயே சாவடிச்சிட்டான்யா" என்றான் ஒருத்தன். "வெள்ளிக்கிழமை சந்தைல நான் வாங்கின பூசணிக்கா என்னா வெலன்னு கேட்டாளே, கல்லு மாதிரி கீறா" என்று ஆராயி கிரைண்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

மாலிக் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "ஆராயிக்கா, நான் பாத்துட்டு வந்தேன். உங்களுக்குப் போன் பண்ண மாட்டேன்னுட்டாரு செல்வராஜு. பொறந்த வூட்டுக் கோடி போடாம எப்பிடி எடுக்கறது? நீங்கதான போடணும். கெளம்புக்கா."

செத்தவளுக்குப் பிறந்த வீட்டுப் புதுப்புடவை போர்த்தாமல் எங்கள் பக்கம் பிணம் வாசல் தாண்டக் கூடாது. சின்னப்பொண்ணுவுக்குப் பிறந்த வீட்டில் மிச்சம் ஆராயி ஒருத்திதான்.

ஆராயி நிமிர்ந்து பார்த்தாள். "நான் அங்க வந்து அழுவணும், அத்தப் போட்டோ புடிச்சி, டீச்சரு கட்சிக்காரியே வந்துட்டான்னு போடணும். அதான? எவ்ளோ குடுத்தான் உனுக்கு?"

மாலிக் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

மத்தியானம் மேளச் சத்தம் கேட்டது. கடைக்கு வெளியே போய்ப் பார்த்தேன். பாடை ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் செல்வராஜ், சட்டை இல்லாமல், கையில் கொள்ளிச் சட்டி. எதிர்த்த ஜவுளிக்கடைக்கு ஓடி, கையில் கிடைத்த புடவையை எடுத்து ஆராயியிடம் திணித்தேன். அவள் செருப்பு இல்லாமல் ஓடினாள்.

"கோடி, கோடி" என்று கத்திக்கொண்டே ஓடினாள். செல்வராஜ் ஆட்கள் கையைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். "டீச்சரு அனுப்பிச்சி வுட்டுகீது. எவனோ வீடியோ எடுக்கறான் பாரு, இது சாவுலயும் சீன் போட வந்துட்ச்சி." செல்வராஜ் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு நடந்தார்.

ஊர்வலத்துக்குப் பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து மாலிக் மைக்கை எடுத்தார். "நிறுத்துங்க. பொறந்த வூட்டுக் கோடி வந்துகீது. நிறுத்துங்க." அந்தக் குரலுக்கு லாரியெல்லாம் ஒதுங்கி நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மேளக்காரன்கூட அடியை நிறுத்தவில்லை. "இவன் இப்ப அந்தப் பக்கம்டா" என்று எவனோ சொன்னான். பாடை முழுக்கப் பூ. தூரத்திலிருந்து முகம்கூடத் தெரியவில்லை.

ஆராயியை ஆட்டோவில் ஏற்றி மாலிக் கடைக்குக் கூட்டி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தவள் புடவையை மடியில் வைத்துக்கொண்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"மாலிக்கு," என்றாள் கடைசியில். "நீ பாத்தியே. எங்கக்கா மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?"

மாலிக் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "தூங்கற மாதிரி இருந்துச்சிக்கா. கஷ்டப்பட்ட மாதிரியே தெரியல. நெத்தில பெருசாப் பொட்டு வெச்சிருந்தாங்க. நல்லா இருந்தாங்கக்கா."

ஆராயி அவரையே பார்த்தாள். கண்ணில் தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது.

"மெய்யாலுமேவா சொல்ற?" என்று கேட்டாள்.