புரோட்டீன் ஜாஸ்தி

மானாம்பதிப் பக்கம் எனக்கு வாய்க்காரி என்று பெயர். பஸ் கண்டக்டர் சில்லறை தராவிட்டால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வரவில்லை. கர்ப்பப்பை வாய். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் வரும் புற்றுநோய்க்கான முகாமுக்கு வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்து வருவது என் வேலை. பயிற்சியில் தெளிவாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கிருந்து தடவி எடுத்த செல்களுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். செல் கெட ஆரம்பித்தால் சில புரதங்கள் அதில் கூடிவிடும், புற்றாவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே பிடித்துவிட்டால் சின்னச் சிகிச்சை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மாமனாரும் மூத்தாரும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வதாம்? "புரோட்டீன் டெஸ்ட்" என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். கேட்கக் கௌரவமாக இருந்தது.

நடவு, களை என்று கூலிக்குப் போகிற ஒரு பெண் முகாமுக்கு வந்தாள். ஒரே மகள், இன்னொரு பிள்ளை வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ரிசல்ட் வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். மூத்தார் கட்டிலில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, "உனக்குப் புரோட்டீன் ஜாஸ்தியா கீதும்மா. ஒருதபா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிடு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். நானும் வந்த வேலை முடிந்ததென்று கிளம்பிவிட்டேன்.

அவள் வரவில்லை. 'சொன்னால் கேட்கிற ஜென்மமா இதெல்லாம்' என்று மற்றவர்களிடம் அவளைத் திட்டினேன். அப்புறம் மறந்தும் போனேன்.

எட்டு மாதம் கழித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாள். பாதி ஆளாக இருந்தாள்.

"இன்னாடி இப்பிடி எளைச்சிட்ட?"

"நீதானக்கா புரோட்டீன் ஜாஸ்தின்ன? முட்டை, பருப்பு, கருவாடு எல்லாத்தயும் வுட்டுட்டேன். இப்ப புரோட்டீன் கொறைஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினு கீறேன். ஆனா வீட்டுக்குத் தூரம் இல்லாதப்பவும் ரத்தம் படுதுக்கா."

சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா? கருவாட்டை நிறுத்தத் தெரிந்தவளுக்கு, காரணம் தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு வரத் தெரியாதா?

மறுநாளே அழைத்துப் போனேன். சதை எடுத்துப் பரிசோதித்த பிறகு, கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். "இனிமே கொழந்த?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். பழைய ரிசல்ட்டைப் புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்பவே வந்திருக்கே இது. இவங்களுக்கு விளக்கிச் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன் டாக்டர்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மானம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"ஆமா டாக்டர். அக்கா எல்லாத்தயும் வெவரமா சொன்னாங்க. நாந்தான் வேலைய வுட்டுட்டு வரல" என்றாள்.

"உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். அவள் தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.