சிவப்புக் கோடு விழுந்த துவரம்பூ

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரும்பு வெட்டிய கூலியில் கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு காணி வாங்கினேன். இன்று வில்லியனூர் வட்டாரத்தில் கலப்பில்லாத துவரை விதை வேண்டுமென்றால் தனிஸ்லாஸ் வீடு எது என்றுதான் கேட்பார்கள். சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

துவரை ஒரு மாதிரியான பயிர். தன் பூவின் மகரந்தத்திலேயே காய்க்கும்; தேனீ பக்கத்துச் செடியிலிருந்து கொண்டுவந்தால் அதையும் வாங்கிக்கொள்ளும். அந்தக் கலப்பு அடுத்த வருடப் பூவில்தான் தெரியும். என் ரகம் சுத்த மஞ்சள் பூ. இந்தக் கார்த்திகையில் ஒரு விடியலில் பார்க்கிறேன், பதினான்கு செடிகளில் முதல் பூ சிவப்புக் கோட்டோடு விரிந்திருக்கிறது. நான்கு நாளில் விதைச் சான்று தர ஆய்வாளர் அம்மா வருகிறார். கலவன், அதாவது வேற்று ரகம் கலந்த செடி, ஒன்று தெரிந்தாலும் என் வயல் விதைக்கு ஆகாது, சாம்பாருக்குத்தான்.

அடுத்த வரப்பில் ஹபீப் முகமதுவின் துவரையில் எல்லாம் சிவப்பு மொட்டு. விடுவேனா?

“இன்னா பாய், உன் வரப்பு என் வயலக் கெடுத்துடுச்சே!”

ஹபீப் சிரித்தார். “மூணு வருசம் முன்னாடி நீதான கலவன்னு புடுங்கி இந்த வரப்புல எறிஞ்ச? காய் முத்தியிருந்திச்சி. என் சம்சாரம் சபுரா பொறுக்கிக் கொழம்பு வெச்சா. மிச்சத்த வெதச்சேன். ஊரே கேக்குற தனிஸ்லாஸ் வெதயாச்சே!”

களையைப் பிடுங்கினால் வரப்பில் வீசுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். கலவனையும் களைபோல் வீசியிருந்தேன்.

“தப்பு என்னுதுதான் பாய். மொட்டு விரியறதுக்குள்ள அறுத்துடு. கொழம்புக்கு நான் தரேன். அடுத்த ஆடிக்கு என் வெதயவே போடு. ரெண்டு பக்கமும் ஒரே ரகம்னா தேனீ எங்க போனா இன்னா?”

“உன் துவர வேவுமா?”

“வேவலன்னா என்னயே வேக வெய்!”

வெயில் ஏறித் தேனீ வருமுன் பதினான்கையும் வேரோடு பிடுங்கினேன். அவரும் அறுத்தார். இம்முறை வரப்பில் ஒரு குச்சி போடவில்லை. எல்லாம் ஹபீபின் ஆடுகளுக்கு. கடைசிப் பூ வாய்க்குள் போகும்வரை நின்று பார்த்தேன்.

ஆய்வாளர் அம்மா வந்து சால் சாலாக நடந்து பார்த்தார். “ஒரு கலவன்கூட இல்லீங்க ஐயா,” என்றார். பின்னே, யார் வயல்?

மொட்டை வரப்பிலிருந்து ஹபீப் குரல் கொடுத்தார்: “அம்மா, பாதி வேல பாத்தது என் ஆடுங்க. அதுங்களுக்கும் ஒரு சான்று குடுங்க!”