உள்ளே இன்னும் ஒருத்தர்

கடையில் ஆளே இல்லாத வரிசை ஒன்று இருந்தால் அக்கா அதன் பக்கம் போகமாட்டார். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு மூன்று பேர் நிற்கிற வரிசையின் கடைசியில் போய் நிற்பார். பின்னால் வருகிறவர்கள் அவரைத் தாண்டிக் காலி வரிசைக்கு ஓடுவார்கள். பில் போடும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். "கூட்டமே இல்லன்னா அங்க ஏதோ கோளாறுன்னு அர்த்தம்" என்பார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

இது தொழில் தந்த புத்தி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அலுவலகக் கணினிக்குள் பிறர் கண் படாமல் போய்வர ஒரு மறைவான வழி வேண்டும். வி.பி.என். என்பார்கள். அந்த வழியைத் திறந்துவிடும் சர்வர்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, எதில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே அவர் வேலை. சர்வர் என்றால் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. ஒரே பெரிய இயந்திரத்துக்குள் பல சர்வர்கள் தனிக்குடித்தனம் நடத்துவதாகப் பாவனை செய்துகொண்டிருக்கும். "கதவு தனித்தனி, தண்ணித் தொட்டி ஒண்ணு. ஒருத்தன் குழாயத் திறந்து விட்டுட்டான்னா இன்னொருத்தன் சோப்போட நிப்பான்" என்பது அக்காவின் விளக்கம்.

திரையில் பச்சை தெரிந்தால் மற்றவர்கள் நிம்மதியாக நாற்காலியில் சாய்வார்கள். அக்கா முன்னால் குனிவார். முன்பொரு நாள் சர்வர் ஒன்று, வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே துப்பிக்கொண்டிருந்தது. ஆளில்லாததால் ஓய்வாகத் தெரிந்தது. ஓய்வாக இருக்கிறதே என்று, ஆட்களைப் பங்கிடும் புரோகிராம் புதிதாக வந்தவர்களையும் அதனிடமே அனுப்பியது. பச்சைதானே என்று எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அக்காவும் போனார். காலி வரிசையோடு அவருக்குப் பகை வந்தது அன்றுதான்.

அவர் கணவர் பஸ் கண்டக்டர். "நானும் ஆள்தான் எண்ணுறேன். எனக்காவது முகம் தெரியும்" என்று சீண்டுவார். "முகம் தெரிஞ்சு என்ன, படிக்கட்டுல தொங்குறவனத் திட்டத்தானே செய்றீங்க" என்பார் அக்கா. சாப்பிடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் மாமியாருக்குப் பொறுக்காது. மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் நீ ஏன் பத்தியம் இருக்கிறாய் என்று தட்டை முன்னால் தள்ளிவைப்பார்.

நோஞ்சான் என்று அக்கா பேர் வைத்திருக்கும் சர்வர் ஒரு நாள் காலையில் படுத்தத் தொடங்கியது. வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் கேட்டது. ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் சரியாகிவிடும். ஆனால் நிறுத்துகிற கணத்தில் உள்ளே இருப்பவர்களின் தொடர்பு அறுந்துபோகும். ஓடுகிற தொடர்பைத் தூக்கி வேறு சர்வரில் வைக்கவும் வழியில்லை. அதனால் அக்கா புதிதாக யாரும் வராதபடி கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருப்பவர்கள் தாங்களாகவே போகட்டும் என்று காத்திருந்தார். கடை சாத்துகிற நேரத்தில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவது போலத்தான் அது. ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருத்தர் மட்டும் போகவில்லை.

எந்த நிறுவனத்தின் ஆள் என்று அக்கா பார்த்தார். சாகப்போகிறேன் என்று போன் செய்பவர்களிடம் பேசுகிற உதவி மையம். அங்கே பேச்சைக் கேட்பவர்கள் வீட்டிலிருந்தபடியே இந்த வழியாகத்தான் பேசுகிறார்கள். என்ன பேச்சு என்பது அக்காவுக்குக் கேட்காது, கேட்கவும் கூடாது. இந்தப் பக்கமிருந்து கொஞ்சம், அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் என்று மெல்லிய ஓட்டம் ஒன்று மட்டும் திரையில் தெரிந்தது. அந்தப் பக்கம் அடிக்கடி நின்று நின்று வந்தது.

மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இளைஞர். தினமும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. தொட்டி வற்றினால் நோஞ்சானோடு பக்கத்துச் சர்வர்களும் சேர்ந்து விழும். அவற்றில் உதவி மையத்தின் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

"ஒரே ஒரு ஆள்தானேக்கா. கட் ஆனா மறுபடி கூப்பிட மாட்டாங்களா?"

"வேற யாரா இருந்தாலும் கூப்பிடுவாங்க தம்பி. இவங்க கூப்பிடுவாங்களான்னு தெரியாது."

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனை எடுத்தார். பக்கத்துச் சர்வர்களில் இருந்த கணக்கு அலுவலகத்தையும் படம் வரைகிற கம்பெனியையும் கூப்பிட்டு, மதியச் சாப்பாட்டை இப்போதே முடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். பசிக்கவில்லையே என்றார் ஒருவர். "பசிக்காட்டியும் போங்க சார்" என்றார் மாப்பிள்ளை. அவர்கள் வெளியேற வெளியேற, மிஞ்சிய இடத்தை அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி நோஞ்சானுக்கு ஊட்டினார். நோஞ்சானின் மெமரி ஏறுவதைக் காட்டிய சிவப்புக் கோடு நின்றது. மறுபடி ஏறியது. கை தானாக மவுஸ் பக்கம் போகாதிருக்க, அக்கா அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஓட்டம் நின்றது. உள்ளே யாரும் இல்லை என்று காட்டியது திரை. பேசி முடித்து வைத்தார்களா, பாதியில் வைத்தார்களா என்று இருவருக்கும் தெரியாது.

"தட்டுங்கக்கா" என்றார் மாப்பிள்ளை. அக்கா தட்டினார். நோஞ்சான் அணைந்து, மெல்லக் கண் விழித்தது.

மாப்பிள்ளை கணக்கு அலுவலகத்துக்கு நன்றி சொல்லப் போனார். அக்கா எழவில்லை. மற்ற சர்வர்களின் பட்டியலை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் ஒன்றில், நோஞ்சானிலிருந்து வெளியேறிய ஆளின் அதே எண் மறுபடி உள்ளே வந்திருந்தது. பேச்சைக் கேட்பவர் அடுத்த அழைப்புக்கு உட்கார்ந்துவிட்டார். அழைத்தவரைப் பற்றி அந்தத் திரை எதுவும் சொல்லப்போவதில்லை.

அந்தச் சர்வருக்கு எந்தக் குறையும் இல்லை. இன்னும் நிறையப் பேரைத் தாங்கும். மாப்பிள்ளை வருகிறாரா என்று அக்கா திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, புதிதாக யாரும் வராதபடி அதன் கதவைச் சாத்தினார்.